மாம் கேட்காத சம்பாஷணை

1887ஆம் ஆண்டு சிங்கப்பூரில் இரண்டு கதவுகள் திறந்தன. ஜூன் 27, திங்கட்கிழமை, சி. கு. மகுதூம் சாயபு தமது தீனோதய வேந்திர சாலையில் அச்சிட்ட ‘சிங்கை நேசன்’ வார இதழின் முதல் பிரதியை வெளியிட்டார். விக்டோரியா மகாராணியின் ஆட்சிப் பொன்விழாவை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த சமயம் அது. ஐந்து மாதங்கள் கழித்து, டிசம்பர் 1 அன்று, ஆர்மீனியர்களான சார்க்கிஸ் சகோதரர்கள் கடற்கரைச் சாலையில் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்தார்கள். அந்த ஹோட்டலின் பெயரோடு பின்னாளில் ஒட்டிக்கொண்ட எழுத்தாளர்களில் முதன்மையானவர் சாமர்செட் மாம். இன்றும் அங்கே அவர் பெயரில் ஓர் அறைத்தொகுதி இருக்கிறது. சிங்கப்பூரைப் பற்றிய ஆங்கிலக் கதை என்றவுடன் உலகம் அவரைத்தான் நினைக்கிறது. மகுதூம் சாயபுவின் இதழோ மூன்று ஆண்டுகள் நடந்து நின்றுபோனது. அதில் வந்த ‘விநோத சம்பாஷணை’ என்ற ஆக்கத்தை ஆய்வாளர்களைத் தவிர அறிந்தவர் குறைவு. மாமின் கதைகளும் இந்தச் சம்பாஷணையும் ஒரே ஊரின் எழுத்து. இரண்டும் முதலில் பத்திரிகைத் தாளில் வந்தவை. இந்த ஊரின் கதைகளில் யார் பேசினார்கள், யார் பேசாமல் போனார்கள் என்பதைத் தீர்மானித்ததில் எழுதியவரின் மனத்தைவிட அந்தப் பத்திரிகைத் தாளுக்கே பங்கு அதிகம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மாம் 1921இல் முதன்முறையாக மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1925-26இல் மீண்டும் வந்தார். அந்த முதல் பயணத்திலிருந்து பிறந்த கதைகளில் ஆறு, 1926இல் ‘தி காசுவாரினா ட்ரீ’ என்ற தொகுதியாக வெளிவந்தன. அவற்றில் இரண்டு சிங்கப்பூரைத் தொடுகின்றன. ‘பி அண்டு ஓ’ கதையில் கப்பல் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் சரக்கேற்றிக்கொண்டிருக்க, மேல்தளத்தில் சாய்ந்து கிடக்கும் ஓர் ஆங்கிலப் பெண்மணி ஏறி வரும் பயணிகளை வேடிக்கை பார்க்கிறாள். அந்த இடத்தில் மாம் இந்த ஊரின் இனங்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்துகிறார். சீனருக்குச் சுறுசுறுப்பும் வங்காளிகளுக்குச் செழிப்பும் கிடைக்கின்றன. தமிழருக்குக் கிடைப்பது கறுப்பு நிறமும், ஓசையற்ற வெறுங்காலும், அந்நிய மண்ணில் சில நாள் தங்கிப் போகிறவர்கள் என்ற தோற்றமும். ‘தி லெட்டர்’ கதையின் தொடக்கத்தில், வெயில் கொளுத்தும் படகுத்துறையில் கலந்து நடமாடும் பல நிறத்து மனிதர்களின் பட்டியலில் தமிழர் மறுபடியும் ஒரு நிறமாக வந்து போகிறார்கள். அந்தக் கூட்டத்தின் இரைச்சலில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் கதை வழக்கறிஞரின் குளிர்ந்த அறைக்குள் நுழைந்த பிறகு அவர்கள் குரல் ஒலிக்க இடமே இல்லை.

சில நாள் தங்கிப் போகிறவர்கள் என்ற அந்தத் தோற்றத்தைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் தோன்றியது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828-30இல் எழுந்தது. நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ 1872இலேயே இங்கு அச்சேறிவிட்டது. 1875இல் ‘சிங்கை வர்த்தமானி’ என்ற தமிழ் இதழ் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் இந்த ஊர்மீது பாடிய ‘சிங்கை நகரந்தாதி’ 1887இல் தீனோதய வேந்திர சாலையிலேயே அச்சானது. மாம் கப்பலிலிருந்து இறங்கிய 1921ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்தியர் 30,000க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தன. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் மாட்டுக்கொட்டில்களைச் சுற்றி ஒரு தமிழ்ப் பேட்டை வேரூன்றியிருந்தது. நூறு ஆண்டை நெருங்கிக்கொண்டிருந்த கோயிலும், ஐம்பது ஆண்டை நெருங்கிய அச்சுத்தொழிலும் உடைய ஒரு சமூகத்தை வந்துபோகிறவர்களாகவும் ஓசையற்றவர்களாகவும் ஒரு கூர்மையான கண் எப்படிப் பார்த்தது?

எளிதில் கிடைக்கும் விடை ஒன்று உண்டு: மாம் தம் காலத்து வெள்ளையர், ஆட்சி செய்பவரின் கண்ணால் பார்த்தார், வேறெப்படி எழுதுவார்? விடை தவறல்ல, ஆனால் அது பாதி விடை. அதே மாம் வெள்ளைத் தோட்டத்துரைகளின் மனைவிமார், குடிகார அதிகாரிகள், கள்ள உறவுகள் ஆகியவற்றை இரக்கமில்லாமல் கிழித்துப் போட்டவர். தம் விருந்தில் உண்டு தம்மையே எழுதிவிட்டாரே என்று மலாயாவின் வெள்ளையர் பலர் அவர்மீது கசந்திருந்தார்கள். தம் இனத்தையே விட்டுவைக்காத பேனா பிற இனத்தவர்மீது வெறும் சாயத்தை மட்டும் தடவிவிட்டு நகர்ந்ததற்கு, துணிவின்மையையோ பார்வைக் குறையையோ மட்டும் காரணம் சொல்ல முடியாது. அந்தக் கதைகள் யாருக்காக எழுதப்பட்டன, யார் காசு கொடுத்து வாங்கினார்கள், எத்தனை பக்கம் ஒதுக்கினார்கள் என்று கேட்டால்தான் மீதி விடை தெரியும்.

அந்த வரலாறு நமக்குத் துல்லியமாகக் கிடைக்கிறது. ‘பி அண்டு ஓ’ முதலில் வந்தது ‘பிவிட்ச்டு’ என்ற வேறு தலைப்பில், 1923 பிப்ரவரி ‘ஹெர்ஸ்ட்ஸ் இன்டர்நேஷனல்’ மாத இதழில். ‘தி லெட்டர்’ 1924 ஏப்ரலிலும், அத்தொகுதியின் இன்னொரு கதையான ‘தி அவுட்ஸ்டேஷன்’ அதே ஆண்டு ஜூனிலும் அதே இதழில் வந்தன. அமெரிக்கப் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்டின் இதழ் அது. 1925இல் அது அவருடைய இன்னொரு மாத இதழான ‘காஸ்மோபாலிட்ட’னோடு இணைந்தது; இணைந்த இதழ் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. ஆக, சிங்கப்பூர்ப் படகுத்துறையைப் பற்றிய அந்த வரிகளை முதலில் படித்தவர் சிங்கப்பூர்வாசி அல்லர். பெரும்பாலும் லண்டன்வாசியும் அல்லர். சிகாகோவிலோ கான்சாஸிலோ சோப்பு விளம்பரத்துக்கும் கார் விளம்பரத்துக்கும் நடுவே கதை படித்த அமெரிக்கக் குடும்பத்தவர்தான். அவர்களுக்குச் சிங்கப்பூர் என்பது ஒரு திரைச்சீலை. சீலையில் வண்ணங்கள் வேண்டும், வெக்கை வேண்டும், புரியாத மொழிகளின் இரைச்சல் வேண்டும். சீலைக்கு முன்னால் நிற்கிறவர்கள் மட்டும் வாசகருக்கு விளங்கும் மொழியில், விளங்கும் பாவத்தைச் செய்ய வேண்டும். மாம் அந்தத் தேவையை மிகத் திறமையாக நிறைவேற்றினார்.

பத்திரிகை வாங்குபவரின் கை கதைக்குள் எவ்வளவு தூரம் நுழைந்தது என்பதற்குச் சான்றுகள் உண்டு. ‘காஸ்மோபாலிட்டன்’ ஆசிரியர் ரே லாங், எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டில் படத்துக்கும் இடம் விட்டு அடங்கிவிடும் அளவுக்குக் குறுங்கதைகள் வேண்டும் என்று மாமிடம் கேட்டார். 1920களில் அப்படி எழுதியவற்றைத்தான் மாம் 1936இல் ‘காஸ்மோபாலிட்டன்ஸ்’ என்று பத்திரிகையின் பெயரையே சூட்டித் தொகுப்பாக்கினார். 29 கதைகள் கொண்ட அத்தொகுப்பின் முன்னுரையில் இந்த ஏற்பாட்டை அவரே ஒளிக்காமல் சொல்கிறார். சிங்கப்பூரில் தொடங்கும் ‘தி ஃபோர் டச்மென்’ அவற்றில் ஒன்று. நான்கு பருத்த டச்சுக் கப்பல்காரர்களின் நட்பும் அழிவும் சில பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. ஊர் எட்டிப் பார்க்கக்கூட அங்கே இடமில்லை. இன்னொரு சான்று மறுப்பிலிருந்து வருகிறது. மலாயாத் தோட்டத்தில் வாழும் அண்ணன் தங்கையின் தகாத உறவைச் சொல்லும் ‘தி புக் பேக்’ கதையை ரே லாங் தம் இதழில் போட மறுத்தார். கதை பிடிக்காமல் அல்ல. தம் இருபதாண்டு ஆசிரியப் பணியின் மிகச் சிறந்த கதைகள் என்று 1932இல் அவர் தொகுத்த நூலில் அதையே சேர்த்துக்கொண்டார். ஆசிரியரின் சுவைக்கு உகந்தது வேறு, இதழின் வாசகர் தாங்கிக்கொள்வது வேறு என்பது இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே தெரிகிறது. பின்னாளில் ‘ரெயின்’ என்று புகழ்பெற்ற கதையும் பெரிய இதழ்கள் சிலவற்றால் தள்ளப்பட்டு, ‘மிஸ் தாம்சன்’ என்ற பெயரில் 1921 ஏப்ரலில் ‘ஸ்மார்ட் செட்’ என்ற சிறிய, துணிச்சலான இதழில்தான் இடம் பிடித்தது.

கதைப்பொருள் வந்த வழியும் இதோடு பொருந்துகிறது. மாம் திக்குவாய்க்காரர்; அந்நியரிடம் தாமாகப் பேச்சுக் கொடுக்கக் கூசுபவர். அவருடன் வந்த ஜெரால்ட் ஹாக்ஸ்டன்தான் மதுக்கூடங்களிலும் கிளப்புகளிலும் உட்கார்ந்து கதை கறந்து வந்து கொடுத்தவர். வெள்ளையரல்லாதவர் உறுப்பினராக முடியாத கிளப்புகள் அவை. ‘தி லெட்டர்’ கதையின் மூலமும் அந்த வெள்ளையர் வட்டத்துப் பேச்சுதான். 1911 ஏப்ரல் 23 அன்று கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியின் வீட்டில், பொறுப்புத் தலைமையாசிரியரின் மனைவி எத்தல் பிரவுட்லாக், ஈயச் சுரங்க மேலாளர் வில்லியம் ஸ்டூவர்டைச் சுட்டுக் கொன்றார். ஜூனில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். மாம் இதை அப்படியே சிங்கப்பூருக்குத் தூக்கிவந்து, ஒரு கடிதத்தையும் அதற்கு ஒரு விலையையும் சேர்த்து, குற்றவாளியை விடுதலை செய்து, கதையாக்கினார். 1927இல் அது லண்டனில் நாடகமானது; 1929இலும் 1940இலும் திரைப்படமானது. அந்த வட்டத்தில் காதில் விழுந்தது அமெரிக்க இதழுக்குப் போய், அங்கிருந்து மேடைக்கும் திரைக்கும் ஏறியது. இந்தப் பாதையில் எந்த இடத்திலும் ஒரு தமிழர் வாய் திறப்பதற்கான நிறுத்தமே இல்லை. ஆங்கிலம் கற்ற சீன எழுத்தர் ஓங் சி செங் மட்டும் பேசுகிறார். கடிதத்தை விற்கும் பேரத்துக்கு அவர் தேவைப்பட்டார், அதனால் பேசினார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பத்திரிகையின்மீது பழியைப் போட்டால் எழுத்தாளரின் பொறுப்பு எங்கே போயிற்று? அதே பேரரசு, அதே கிழக்கு, அதே பத்திரிகை வணிகத்தில் ஜோசப் கான்ராடும் இருந்தாரே? கான்ராடின் கதை இந்த வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. 1880களில் மாலுமியாகச் சிங்கப்பூர்த் துறைமுகத்தை மிதித்தவர் அவர். அவருடைய கிழக்குக் கதைகள் பலவற்றை வாங்கியது எடின்பரோவின் ‘பிளாக்வுட்ஸ் மாகசின்’. அவசரமில்லாத பழைய மாத இதழ். பேரரசெங்கும் கிளப்புகளிலும் கப்பல்களிலும் படிக்கப்பட்டது. சிறுகதையாகத் தொடங்கிய ‘லார்டு ஜிம்’ வளர்ந்துகொண்டே போனபோது, 1899 அக்டோபர் முதல் 1900 நவம்பர் வரை பொறுமையாக வெளியிட்டது. 1902 ஜூலை முதல் டிசம்பர் வரை அதில் வந்த ‘தி எண்ட் ஆஃப் த டெதர்’ கதையில், பார்வை மங்கிவரும் கப்பல் தலைவனுக்குக் கண்ணாக இருப்பவர், மாலுமிகளின் தலைவரான மலாய் செராங் ஒருவர். ஆறு மாதத் தொடரில் அந்தச் செராங் நிற்கவும் பார்க்கவும் நினைக்கவும் இடம் இருந்தது. இரு பக்கக் கதையில் அந்த இடம் கிடைக்காது. இருந்தாலும் ‘பிளாக்வுட்ஸ்’ வாசகரும் வெள்ளையரே என்பதால் கதை செராங்கின் வாயால் சொல்லப்படவில்லை. பக்கம் கூடினால் உருவம் கூடுகிறது. கதை சொல்லும் குரல் மாற வேண்டுமானால் வாசகர் மாற வேண்டும். எழுத்தாளரின் பொறுப்பு இதனால் கரைந்துபோகவில்லை; மாம் வேறு இதழைத் தேடியிருக்கலாம், வேறு அளவில் எழுதியிருக்கலாம். தேடாதது அவர் தேர்வு. அந்தத் தேர்வுக்கு அவருக்கு நல்ல கூலி கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாசகர் மாறும்போது குரலும் மாறும் என்பதற்கு இதே ஊரில் ஓர் ஆங்கிலச் சான்று இருக்கிறது. 1897இல் லிம் பூன் கெங்கும் சோங் ஓங் சியாங்கும் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் சைனீஸ் மாகசின்’ என்ற காலாண்டிதழைத் தொடங்கினார்கள்; 1907 வரை அது நடந்தது. இங்கேயே பிறந்து ஆங்கிலம் படித்த பெரானக்கான் சீனர்கள் அதில் தம் வீட்டுச் சண்டைகளையும் சீர்திருத்த ஆசைகளையும் கதையாக எழுதினார்கள். மொழி மாமின் மொழியேதான். ஆனால் காசு கொடுத்து வாங்கியவரும் எழுதியவரும் கதையில் நடமாடியவரும் ஒரே ஊர்க்காரர்கள். அங்கே சீனர் திரைச்சீலையில் இல்லை, வீட்டுக்குள் இருந்தார். சிங்கப்பூரின் கதை வரலாற்றை மாமிலிருந்து தொடங்குகிறவர்கள் தாண்டிக் குதிக்கும் பத்து ஆண்டுகள் இவை. கிப்ளிங்கையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். 1888இல் நூலான அவருடைய முதல் சிறுகதைத் தொகுதியில் பெரும்பாலானவை லாகூர் ‘சிவில் அண்டு மிலிட்டரி கெஜட்’ நாளிதழின் பத்தியளவுக்கு வெட்டி எழுதப்பட்டவை. அந்த நாளிதழை வாங்கியவர்கள் பஞ்சாபில் இருந்த ஆங்கில அதிகாரிகள். கதையின் நையாண்டியும் வம்பும் அவர்களுக்கு உள்வீட்டுச் சங்கதி. உள்ளூர்ப் பத்திரிகை என்றாலே உள்ளூரார் எல்லாரும் பேசிவிடுவார்கள் என்பதில்லை. அதை வாங்குகிறவர் யாரோ அவர் பேசுவார்.

இந்த ஒளியில்தான் ‘சிங்கை நேச’னைப் பார்க்க வேண்டும். கிப்ளிங்கின் அந்தத் தொகுதி நூலான அதே ஆண்டில், மகுதூம் சாயபு சிங்கப்பூரில் தந்திச் செய்திக்கும் வாசகர் கடிதத்துக்கும் செய்யுளுக்கும் நடுவே 1888இல் ‘விநோத சம்பாஷணை’யை வெளியிட்டார். கணினித் தமிழுக்கும் உழைத்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர் மலேசிய வட்டாரத்தின் முதல் தமிழ்ச் சிறுகதை இதுவே என்று முன்வைத்தார். இதை மறுப்பவர்களிடம் வலுவான காரணம் உண்டு. அது உரையாடல் வடிவில் இருப்பது; சிறுகதைக்கென்று பிறகு நாம் வகுத்துக்கொண்ட ஒருமையும் முடிச்சும் அதில் இல்லை; ஆகவே கதை என்பதைவிட நையாண்டிக் கட்டுரை என்பதே பொருந்தும் என்பார்கள். வடிவக் கணக்கில் அவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்த வடிவக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். ஒருமை, சுருக்கம், கடைசித் திருப்பம் ஆகியவையும் பத்திரிகைகள் வளர்த்த குணங்கள்தாம். மாத இதழின் ஒரே பிரதியில் முடிந்துவிட வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு உரமிட்டது. செட்டியார் கிட்டங்கியிலும் கடைத்திண்ணையிலும் ஒருவர் படிக்க நால்வர் கேட்கும் வார இதழுக்கு உரையாடலே இயல்பான வடிவம். முதல் சிறுகதை எது என்ற பட்டத்தை யாருக்குக் கொடுத்தாலும் ஒரு செய்தி மிஞ்சும்: ஓசையற்றுப் போகிறவர்கள் என்று அமெரிக்க இதழ் அச்சிடுவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் முன்பே, இந்த ஊர்த் தமிழர் ‘சம்பாஷணை’ என்ற தலைப்பிலேயே அச்சில் வாயடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பேச்சு இடையில் மங்கி, 1930களில் மீண்டும் உரத்தது. கோலாலம்பூரில் 1924இல் ‘தமிழ் நேசன்’ தோன்றியிருந்தது. 1935 ஜூலையில் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் ‘தமிழ் முர’சைத் தொடங்கினார். சீர்திருத்தச் சங்கத்தின் குரலாகப் பிறந்த ஏடு அது; சாதி, தாலி, கள், மூடவழக்கம் ஆகியவற்றைப் பற்றிய வாதம் அதன் கதைகளுக்குள்ளும் புகுந்தது. 1950இல் ‘தமிழ் நேச’னின் ஞாயிறு பதிப்பில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பாடத்தைப் பத்திரிகையில் அச்சிட்டு, வாசகர் எழுதி அனுப்பும் கதைகளைத் திருத்தித் தேர்ந்து வெளியிட்ட வகுப்பு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தோட்டத்திலும் துறைமுகத்திலும் இருந்தவர்கள் அஞ்சல் தலை ஒட்டி எழுத்தாளரானார்கள். 1951-52இல் புதுமைப்பித்தன் எழுத்தின் தகுதி பற்றி ‘தமிழ் முர’சில் நீண்ட சர்ச்சை நடந்தது. அந்தத் தலைமுறையில் எழுத வந்த பி. கிருஷ்ணன், புதுமைதாசன் என்றே புனைபெயர் வைத்துக்கொண்டார். முரசின் ‘மாணவர் மணிமன்றம்’ பள்ளிப் பிள்ளைகளின் பேனாவைப் பழக்கியது. கு. அழகிரிசாமி கோலாலம்பூருக்கு வந்து ‘தமிழ் நேச’னில் பணியாற்றிய 1950களில், கதை என்றால் என்ன என்ற கேள்வி இங்கே இன்னும் கூர்மையாகக் கேட்கப்பட்டது. ரே லாங்கின் மேசையில் முடிவானது ஒரு வாங்கல். இங்கே பத்திரிகை மேசை பள்ளிக்கூடமும் ஆயிற்று. வாசகரே எழுத்தாளராக மாறக்கூடிய தொலைவில் பத்திரிகை இருந்ததால் அது முடிந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, தமிழ் ஏடுகளின் குறையை மறைப்பது நேர்மையாகாது. ‘தி லெட்டர்’ கதையின் கட்டுக்கோப்புக்கு நிகரான ஒன்றை அக்காலத் தமிழ் ஞாயிறு மலர்களில் காட்டு என்று கேட்டால் தேடத்தான் வேண்டும். பல கதைகள் அறிவுரையில் முடிந்தன; பல தமிழ்நாட்டு இதழ்களின் நடையை இரவல் வாங்கின; திருந்திய குடிகாரனும் மனம் மாறிய மாமியாரும் அளவுக்கு மேல் வந்தார்கள். இதற்கும் காரணத்தைப் பத்திரிகைத் தாளிலேயே காணலாம். பெரும் விளம்பர வருவாயுள்ள அமெரிக்க இதழ் ஒரு கதைக்காக எழுத்தாளரை மாதக்கணக்கில் கடல் கடந்து திரியவிடும் அளவுக்குக் கூலி கொடுக்க முடிந்தது. தமிழ் ஏட்டுக்கு எழுதியவர் துறைமுகத்திலோ கடையிலோ வேலை முடித்து வந்து, இரவில் விளக்கடியில் எழுதினார். தம் பெயர் அச்சில் வருவதே பெரும் ஊதியம். சீர்திருத்த ஏடு என்பதால் கதையும் சீர்திருத்தியது. ஆக, மாமின் மெருகும் நம்மவர் கதையின் கரடுமுரடும் ஒரே விதியின் இரு விளைவுகள். கலைத்தரத்தில் அவரை உயர்த்திச் சொல்லலாம். அதற்காக, இந்த ஊரைப் பற்றிய சாட்சியத்திலும் அவரையே முதல் ஆளாக நிறுத்த வேண்டிய அவசியமில்லை.

மிகக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. மாமின் கதையில் தமிழர் பேசவில்லை என்று குறை சொல்கிறோமே, நம் சிங்கப்பூர்த் தமிழ்க் கதைகளில் சீனரும் மலாய்க்காரரும் எவ்வளவு பேசினார்கள்? முதலாளி என்றால் சீனர், அன்பான அண்டைவீட்டார் என்றால் மலாய்க்காரர் என்று இரண்டொரு வரியில் வந்து மறைந்தவர்கள் எத்தனை பேர்? இந்தக் கேள்விக்கு நாம் தலைகுனியத்தான் வேண்டும். அதே சமயம், இதுவரை சொல்லிவந்த வாதத்தை இது நிறைவு செய்கிறது. தமிழ் ஏட்டை வாங்கியவர் தமிழர். ஆகவே தமிழர் பேசினார், மற்றவர் சாயமானார். இனத்தின் உயர்வு தாழ்வு இதில் இல்லை. ஒரே ஊரில் ஒருவர் ஏட்டை மற்றவர் படிக்காத நிலைதான் எல்லாக் கதைகளிலும் யாரையாவது ஊமையாக்கியது. இந்த ஊரின் நான்கு மொழிகளிலும் கதைகளை மொழிபெயர்த்து அருகருகே வெளியிடும் தொகுப்புகளுக்கு இலக்கிய நயத்தைவிடப் பெரிய நியாயம் இங்கேதான் இருக்கிறது.

இந்த வாதத்தை மாம் தரப்பில் ஆண்டும் மாதமுமாக அடுக்க முடிந்ததற்குக் காரணம், அவருடைய ஒவ்வொரு கதையும் எந்த இதழில், எந்தத் தலைப்பில், எப்போது முதலில் வந்தது என்பதை ரேமண்ட் டூல் ஸ்டாட் போன்ற நூல்விவரத் தொகுப்பாளர்கள் பொறுமையாகத் தேடி அச்சிட்டு வைத்திருப்பதுதான். தமிழிலும் அது நடந்திருக்கிறது: ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’, கதைகளைக் கால வரிசையில் நிறுத்தி, வெளிவந்த இதழையும் நாளையும் குறித்தது. சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புகளைப் புரட்டினால் பலவற்றில் கதை மட்டும் இருக்கும். எந்த ஏட்டின் எந்த ஞாயிறு மலரில் வந்தது என்ற ஒற்றை வரி இருக்காது. அந்த வரி இல்லாவிட்டால் யார் வாங்கினார்கள், யாருக்காக வளைந்தது, எது வெட்டப்பட்டது என்று அடுத்த தலைமுறை கேட்கவே முடியாது. ‘தமிழ் முர’சின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் தந்திருக்கிறது. 2015இல் நிறைவேறிய தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தால் இங்கு வெளிவந்த நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களும் திரையில் கிடைக்கின்றன. தேடுவதற்கு இனிக் கப்பலேற வேண்டியதில்லை. எனவே சிறுகதைத் தொகுப்பு கொண்டுவரும் எழுத்தாளர்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு கதையின் அடியிலும் அது முதலில் வந்த ஏட்டின் பெயரையும் தேதியையும் அச்சிடுங்கள்.